குழந்தைக்கு நிமோனியா: அமாக்ஸிசிலின் எவ்வளவு, எத்தனை நாள்?

10 கிலோ எடையுள்ள ஒரு வயதுப் பிள்ளைக்கு நிமோனியா. ஒரு மருத்துவர் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் சிரப் 5 மி.லி., மூன்று வேளை, ஏழு நாள் என்று எழுதுகிறார். அதே எடையுள்ள இன்னொரு பிள்ளைக்கு வேறொருவர் அதே மருந்தின் கரையும் மாத்திரை காலையில் இரண்டு, இரவில் இரண்டு, ஐந்து நாள் என்று எழுதுகிறார். முதல் சீட்டில் 125 மில்லிகிராம் சிரப் என்றால் ஒரு நாளைக்கு 375 மில்லிகிராம் போகிறது. இரண்டாவதில் 250 மில்லிகிராம் மாத்திரை, ஆக 1000. இரண்டு மடங்குக்கும் மேலே வித்தியாசம். காரைக்குடியில் மருந்துக்கடையில் நிற்கிறவன் என்ற முறையில் இந்த இரண்டு மாதிரிச் சீட்டும் என் கைக்கு வருகிறது. மார்கழிப் பனி இறங்கிவிட்டால் அடிக்கடி வருகிறது.

"ஏந் தம்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூணு நாளுன்னு சொல்லியிருக்காக. எங்க பிள்ளைக்கு மட்டும் ஏழு நாளா? எங்களுக்குத்தான் வியாதி கூடுதலோ?" என்று பள்ளத்தூர் அப்பத்தா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கவுண்டரில் நின்றபடி இரண்டு வரியில் பதில் சொல்லக்கூடியது இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். எந்தச் சீட்டு சரி என்று தீர்ப்புச் சொல்வதைவிட, மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும், சீட்டில் எதைப் பார்க்க வேண்டும் என்று பெற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் என் அக்கறை.

முதலில், இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வராத பிள்ளைகளைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதம் நிரம்பாத பச்சைக் குழந்தை, பால் குடிக்கவோ தண்ணீர் குடிக்கவோ முடியாத பிள்ளை, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, வலிப்பு வந்தது, கூப்பிட்டால் கண் திறக்காமல் துவண்டு கிடப்பது, அமைதியாக இருக்கும்போதே மூச்சில் கரகரவென்று சத்தம் வருவது, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 90க்குக் கீழே காட்டுவது, எலும்பும் தோலுமாக மெலிந்த பிள்ளை. இவர்களுக்குச் சிரப்பா மாத்திரையா, மூன்று நாளா ஐந்து நாளா என்ற பேச்சே கிடையாது. 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான். ஆக்சிஜனும் ஊசி மருந்தும் அங்கேதான் கிடைக்கும்.

மிச்சம் இருப்பவர்கள் இரண்டு வகை. ஒன்று, மூச்சு மட்டும் வேகமாக வாங்குகிற பிள்ளை. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50-ம் அதற்கு மேலும், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் போனால் அது வேக மூச்சு. இன்னொன்று, மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குகிற பிள்ளை. சட்டையைத் தூக்கிவிட்டு, பிள்ளை தூங்கும்போதோ மடியில் அமைதியாக இருக்கும்போதோ, போனில் டைமர் வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அழுகிற பிள்ளையை எண்ணினால் கணக்கு தப்பாகத்தான் வரும். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவதும் வேண்டாம். சின்னப் பிள்ளைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது.

எந்த அளவு, எத்தனை நாள் என்ற கேள்விக்கு இந்த இரண்டு வகைக்கும் பதில் வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

அளவு: குறைவா, இரட்டையா

பழைய வழக்கமான அளவு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாளைக்கு 40 முதல் 50 மில்லிகிராம். இரட்டை அளவு என்பது 80 முதல் 90. உலக சுகாதார நிறுவனம் 2014-ல் திருத்திய வழிகாட்டுதல், வேக மூச்சு, நெஞ்சு உள்வாங்கல் இரண்டுக்குமே ஒரு வேளைக்குக் கிலோவுக்குக் குறைந்தது 40 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை என்றது. அதாவது ஒரு நாளைக்கு 80.

இரட்டை அளவுக்கு ஆதரவான காரணம் இது. குழந்தை நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் முக்கியமானது நியுமோகாக்கஸ். அமாக்ஸிசிலின் இரத்தத்தில் எவ்வளவு உச்சத்துக்குப் போனது என்பது பெரிதில்லை. கிருமியை அடக்கத் தேவையான மட்டத்துக்கு மேல் எத்தனை மணி நேரம் நின்றது என்பதுதான் கணக்கு. இந்த மருந்து இரத்தத்தில் சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். கிருமி கொஞ்சம் எதிர்ப்பு பழகியிருந்தால் அந்தத் தேவையான மட்டமே உயர்ந்துவிடுகிறது. அப்போது குறைந்த அளவு சீக்கிரம் கீழே இறங்கிவிடும். இரட்டை அளவு கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும். மூன்று வேளையை இரண்டு வேளையாக்க முடிந்ததும் இரட்டை அளவால்தான். குறைந்த அளவை அப்படியே வைத்துக்கொண்டு வேளையை மட்டும் குறைத்தால் மருந்து இல்லாத நேரம்தான் கூடும்.

காகிதத்தில் இது சரி. பிள்ளைகளிடம் பார்த்தபோது என்ன ஆனது? பாகிஸ்தானில் 876 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2007-ல் வெளியானது. எல்லாம் நெஞ்சு உள்வாங்காத, வேக மூச்சு மட்டும் உள்ள நிமோனியா. பாதிப் பேருக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 45 மில்லிகிராம், மீதிப் பேருக்கு 90. இரண்டும் மூன்று நாள். குணமாகாமல் போனது முதல் கூட்டத்தில் 4.5 சதவீதம், இரட்டை அளவு கூட்டத்தில் 5.7 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 814 பிள்ளைகளிடம் நடந்த கேப்-இட் ஆய்வு 2021-ல் வந்தது. 35–50 அளவுக்கும் 70–90 அளவுக்கும் நேர் ஒப்பீடு. நான்கு வாரத்துக்குள் மறுபடி ஆன்டிபயாட்டிக் தேவைப்பட்டது 12.6 சதவீதம், 12.4 சதவீதம். அங்கேயும் சமம்தான்.

ஆக, வேக மூச்சு மட்டும் உள்ள, தடுப்பூசிகள் முறையாகப் போட்ட, பால் குடிக்கிற, விளையாடப் பார்க்கிற பிள்ளைக்கு மருத்துவர் குறைந்த அளவு எழுதியிருந்தால் அதில் குறை சொல்ல ஏதுமில்லை. பயப்பட வேண்டாம்.

நெஞ்சு உள்வாங்கும் பிள்ளை விஷயத்தில் எனக்கு அந்த நிம்மதி இல்லை. அந்தப் பிள்ளைகளை வார்டில் வைத்து ஊசி போடாமல் வீட்டிலேயே வாய்வழி மருந்து கொடுத்துக் காப்பாற்றலாம் என்று காட்டியது பாகிஸ்தானில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வு. 2008-ல் வந்தது, 2037 பிள்ளைகள். மருத்துவமனையில் ஊசி போட்டவர்களில் 8.6 சதவீதமும், வீட்டில் வாய்வழி மருந்து எடுத்தவர்களில் 7.5 சதவீதமும் தேறவில்லை. நம் ஊரில் "ஊசி போட்டால்தான் நெஞ்சுச் சளி இறங்கும்" என்பவர்களுக்கு இதைத்தான் எடுத்துச் சொல்வேன். ஆனால் கவனியுங்கள், வீட்டில் கொடுத்தது இரட்டை அளவு. கிலோவுக்கு 80–90, ஐந்து நாள். குறைந்த அளவைக் கொடுத்து வீட்டில் வைத்துக்கொள்ள அந்த ஆய்வு அனுமதி தரவில்லை. கேப்-இட் பிள்ளைகளை முன்காட்டி இங்கே அளவைக் குறைப்பதும் சரியாகப் படவில்லை. பிரிட்டனில் பென்சிலின் வகைக்கு அடங்காத நியுமோகாக்கஸ் குறைவு. அங்கே வேலை செய்கிற குறைந்த அளவு இங்கேயும் அப்படியே செய்யும் என்று ஒரு பிள்ளையின் மூச்சை வைத்துச் சோதிக்க வேண்டியதில்லை.

இரட்டை அளவால் கெடுதல் உண்டா என்றால், அமாக்ஸிசிலின் பாதுகாப்பு எல்லை அகலமான மருந்து. வயிற்றுப்போக்கு, தோலில் தடிப்பு வரலாம். பென்சிலின் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு எந்த அளவிலும் ஆகாது. மற்றபடி இந்த வரம்புக்குள் கூடுதலாகப் போனால் உடம்பு தாங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் மாத்திரைக் கணக்கிலேயே அது தெரிகிறது. 250 மில்லிகிராம் கரையும் மாத்திரை, 4 கிலோ முதல் 10 கிலோவுக்குள் உள்ள பிள்ளைக்கு வேளைக்கு ஒன்று, 10 முதல் 14 கிலோவுக்குள் இரண்டு, 14 முதல் 19 கிலோ வரை மூன்று. 4 கிலோ பிள்ளைக்கு அந்த ஒரு மாத்திரை, இரண்டு வேளையும் சேர்த்து, கிலோவுக்கு 125 ஆகிறது. ஒன்பதரை கிலோ பிள்ளைக்கு அதே மாத்திரை 53-க்குள் முடிந்துவிடுகிறது. வீட்டில் யாரும் தப்பாமல் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே இப்படி எளிமையாக்கியிருக்கிறார்கள்.

நாள்: மூன்றா, ஐந்தா, ஏழா

இதில் ஆதாரம் இன்னும் தெளிவு. அதிலும் நம் நாட்டு ஆதாரமே இருக்கிறது. இந்தியாவில் ஏழு மருத்துவமனைகளில் 2188 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2004-ல் வந்தது. வேக மூச்சு மட்டும் உள்ள நிமோனியா. மூன்று நாள் கொடுத்ததில் 89.5 சதவீதம் குணம்; ஐந்து நாள் கொடுத்ததில் 89.9. அதுவும் கிலோவுக்கு 31 முதல் 54 மில்லிகிராம் என்ற பழைய அளவில். பிரிட்டன் ஆய்விலும் மூன்று நாளும் ஏழு நாளும் 12.5-க்கு 12.5 என்று சரிசமம். மூன்று நாள் கூட்டத்தில் இருமல் மட்டும் கொஞ்சம் இழுத்தது: பத்து நாளுக்குப் பதில் பன்னிரண்டு நாள்.

நெஞ்சு உள்வாங்கும் பிள்ளைகளுக்கே மலாவி நாட்டில் 3000 பேரிடம் மூன்று நாளையும் ஐந்து நாளையும் ஒப்பிட்டார்கள், 2020-ல் வந்தது. தேறாதவர்கள் 5.9 சதவீதம், 5.2 சதவீதம். மூன்று நாளே போதும் என்று கூடச் சொல்லலாம்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளைப் பதினான்கு நாள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். நம் ஊரில் கொத்தமங்கலத்திலிருந்தோ கண்டனூரிலிருந்தோ மூன்றாம் நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி மறுபடி காட்ட வருகிறவர்கள் எத்தனை பேர்? மறுபடி காட்டுவது உறுதியில்லாத இடத்தில் ஐந்து நாள் என்பதுதான் நல்லது. 2014 வழிகாட்டுதலும் நெஞ்சு உள்வாங்கினால் ஐந்து நாள், எச்.ஐ.வி. குறைவான பகுதியில் வேக மூச்சு மட்டும் என்றால் மூன்று நாள் என்றே பிரிக்கிறது.

ஏழும் பத்தும் எதற்கு? சாதாரண நிமோனியாவுக்குத் தேவையில்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் ஐந்து நாளையும் பத்து நாளையும் ஒப்பிட்டுப் பார்த்து ஐந்து போதும் என்றே வந்தது. அமெரிக்க ஆய்வில் பத்து நாள் எடுத்த பிள்ளைகளின் தொண்டையில், கிருமிகளை மருந்துக்கு அடங்காமல் ஆக்கும் எதிர்ப்பு மரபணுக்கள் கூடுதலாக இருந்தன. "கோர்ஸை முடிக்காவிட்டால் கிருமி பழகிவிடும்" என்று நாம் எல்லோரும் சொல்லி வளர்ந்திருக்கிறோம். மருத்துவர் எழுதிய நாளை நாமாகக் குறைக்கக் கூடாது என்பதில் மாற்றமில்லை. ஆனால் அவரே குறைவாக எழுதியிருந்தால் அது கைவிடுதல் இல்லை. நுரையீரலில் சீழ் கட்டியது, நெஞ்சுக்கூட்டில் நீர் சேர்ந்தது என்றால் கதை வேறு. அங்கே வாரக்கணக்கில்தான் போகும்.

என் முடிவைச் சொன்னால்: மருத்துவர் எதையாவது குறைக்க வேண்டும் என்றால் நாளைக் குறைக்கலாம். நெஞ்சு உள்வாங்கும் பிள்ளைக்கு அளவைக் குறைக்க வேண்டாம். வேக மூச்சு மட்டும் என்றால் இரண்டையுமே மருத்துவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம்.

சீட்டு சரியாக இருந்தும் தப்பிப் போகிற இடம்

இதை நான் அதிகம் பேச விரும்புகிறேன். 45-ஆ 90-ஆ என்ற வாதத்தைவிடப் பெரிய வித்தியாசம் பாட்டிலுக்குள் ஒளிந்திருக்கிறது.

அமாக்ஸிசிலின் குழந்தை மருந்து பல செறிவில் வருகிறது. 5 மி.லி.யில் 125 மில்லிகிராம் உள்ளது, 5 மி.லி.யில் 250 உள்ளது, ஒவ்வொரு மி.லி.யிலும் 100 உள்ள சொட்டு மருந்து. போன மழைக்காலத்தில் சொட்டு மருந்துக்குச் சொன்ன மி.லி. கணக்கில் இப்போது 125 சிரப்பைக் கொடுத்தால் பிள்ளைக்குக் கால் பங்குதான் போகும். சிரப் கணக்கைச் சொட்டு மருந்துக்கு வைத்தால் நாலு மடங்கு. அதனால் "எத்தனை மி.லி." என்று மட்டும் கேட்காதீர்கள், "எந்தப் பாட்டிலில் எத்தனை மி.லி." என்று கேளுங்கள். இரட்டை அளவு எழுதப்பட்ட 10 கிலோ பிள்ளைக்கு 125 சிரப்பில் வேளைக்கு 16 மி.லி. ஆகிறது. எந்தப் பிள்ளை குடிக்கும்? பாதியைத் துப்பிவிடும். 250 சிரப்பில் அது 8 மி.லி. கரையும் மாத்திரை என்றால் ஒரு கரண்டி சுத்தமான தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்து முடித்துவிடலாம். இரட்டை அளவுக்கு என் ஓட்டு மாத்திரைக்குத்தான். தண்ணீர் கலக்கும் தொல்லை இல்லை, ஃப்ரிட்ஜ் வேண்டாம், பாட்டில் உடையாது.

பவுடர் பாட்டில் வாங்கினால் கலக்குவதில் கவனம் வேண்டும். முதலில் பாட்டிலைத் தட்டி, அடியில் கட்டியான பவுடரை உதிர்க்க வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீரைக் கோட்டுக்குப் பாதி வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். அப்புறம் கோடு வரை ஊற்ற வேண்டும். இங்கேதான் ஏமாற்றம்: நுரை கோட்டைத் தொட்டுவிடும், போதும் என்று நிறுத்திவிடுவார்கள். நுரை அடங்கினதும் மருந்து கோட்டுக்கு ஒரு விரல் கீழே நிற்கும். தண்ணீர் குறைந்த அந்தப் பாட்டிலில் மருந்து கெட்டியாக இருக்கும், கடைசி இரண்டு நாளைக்குப் போதாமலும் போகும். நுரை அடங்கும் வரை காத்திருந்து மறுபடி கோட்டைப் பாருங்கள். முடிந்தால் கடையிலேயே கலந்து வாங்குங்கள். நாங்கள் செய்து கொடுக்கிறோம். ஒவ்வொரு வேளையும் குலுக்கிக் கொடுக்க வேண்டும். கலந்த மருந்து எத்தனை நாள் தாங்கும் என்பது லேபிளில் இருக்கும், பெரும்பாலும் ஏழு நாள். மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு என்று அலமாரியில் வைக்காதீர்கள்.

அளக்கச் சமையல் கரண்டி ஆகாது. பாலாடையில் புகட்டலாம், ஆனால் பாலாடையால் அளக்கக் கூடாது. சிரிஞ்சில் இழுத்து அளந்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். எடையும் அன்றன்றைக்குப் பார்த்த எடையாக இருக்க வேண்டும். அங்கன்வாடியில் மூன்று மாதத்துக்கு முன்னால் பார்த்ததைச் சொன்னால் மருத்துவரின் கணக்கும் பழசாகத்தான் இருக்கும்.

மேலே சொன்ன இந்திய ஆய்விலேயே, மருந்தை ஒழுங்காகக் கொடுக்காததும் குணமாகாததும் மிக நெருக்கமாகச் சேர்ந்தே வந்தன. மூன்று நாளா ஐந்து நாளா என்பது அங்கே அரை சதவீதம்கூட வித்தியாசப்படுத்தவில்லை.

மற்ற மருந்துகள்

சீட்டில் அமாக்ஸிசிலினோடு கிளாவுலனேட் சேர்ந்த மருந்து எழுதுவது இப்போது அதிகம். 457 என்று போட்ட பாட்டிலில் 5 மி.லி.யில் அமாக்ஸிசிலின் 400, கிளாவுலனேட் 57. அளவுக் கணக்கு 400-ஐ வைத்துத்தான். கிளாவுலனேட் என்பது, அமாக்ஸிசிலினை உடைக்கச் சில கிருமிகள் சுரக்கும் நொதியைத் தடுக்கிற துணை மருந்து. நியுமோகாக்கஸ் எதிர்ப்பு காட்டும் வழியே வேறு. அதன் மேல் கிளாவுலனேட்டால் கூடுதல் பயன் கிடையாது. வயிற்றுப்போக்கு மட்டும் கூடும். வேறு கிருமிகளைச் சந்தேகித்து மருத்துவர் எழுதுவது வேறு விஷயம். முதல் மருந்தாக வெறும் அமாக்ஸிசிலினே போதும்.

அசித்ரோமைசின் மூன்று நாள், தினம் ஒரு வேளை என்பதால் வீட்டில் அதைத்தான் விரும்புகிறார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் நிமோனியாவுக்கு அது முதல் மருந்து இல்லை. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு வரும் வேறு வகை நிமோனியாவுக்கு அது உதவும்.

இழுப்பும் சேர்ந்து இருக்கிற பிள்ளைக்கு முதலில் நெபுலைசர் வைத்துப் பார்க்க வேண்டும். அதிலேயே நெஞ்சு உள்வாங்கல் நின்றுவிடுகிற பிள்ளைகள் நிறைய. சாம்பிராணிப் புகை அந்த மூச்சுக்கு ஆகவே ஆகாது. குளிப்பாட்டி முடித்துப் புகை காட்டுகிற வீடுகளில் இந்த ஒன்றையாவது நிறுத்தச் சொல்லிக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆன்டிபயாட்டிக்கே வேண்டுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வைரஸால் வரும் நிமோனியா அதிகம் என்பது உண்மைதான். கராச்சியின் ஏழைக் குடியிருப்புகளில் வேக மூச்சு உள்ள பிள்ளைகளுக்கு ஒரு கூட்டத்துக்கு அமாக்ஸிசிலின், இன்னொரு கூட்டத்துக்கு மருந்துச் சத்து இல்லாத போலி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். தேறாதவர்கள் 2.6 சதவீதம், 4.9 சதவீதம். சின்ன வித்தியாசம்தான், ஆனால் மருந்தின் பக்கம்தான். எந்தப் பிள்ளை அந்த இரண்டு சதவீதத்தில் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லாத இடத்தில் கொடுப்பதே சரி. இந்த எண்ணைக் குறைக்கிற பெரிய வேலையைத் தடுப்பூசிகள் செய்கின்றன. நிமோனியாவை உண்டாக்கும் இன்னொரு பாக்டீரியாவான ஹிப் கிருமிக்கான தடுப்பு 2011 டிசம்பரிலேயே ஐந்து நோய்த் தடுப்பூசிக்குள் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. நியுமோகாக்கஸ் தடுப்பூசி 2021 முதல் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம்: ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாம் மாதம். அட்டையை எடுத்து ஒருமுறை பாருங்கள். ஒன்பதாம் மாத ஊசியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மருந்து தொடங்கிய பிறகு எப்போது பயப்பட வேண்டும்? இரண்டு நாள் கழித்து மறுபடி மூச்சை எண்ணுங்கள். வேகம் குறைந்து, பால் குடித்து, காய்ச்சல் தணிந்தால் சரியான பாதையில் போகிறது. மூச்சு அப்படியே இருந்தால் அல்லது கூடினால் மீதி மருந்து முடியட்டும் என்று காத்திருக்காமல் அதே நாள் மருத்துவரிடம் போங்கள். முன்னால் சொன்ன ஆபத்து அறிகுறி ஏதாவது தெரிந்தால் இரண்டு நாள் கணக்கும் கிடையாது. இருமல் மட்டும் தனியாக மிச்சம் இருந்தால் அதற்காக இரண்டாவது ஆன்டிபயாட்டிக் கேட்டு வராதீர்கள். ஏழு நாள் மருந்து எடுத்த பிள்ளைக்கே பத்து நாள் இருமல் இருந்தது. இரண்டு வாரம் தாண்டியும் நின்றபாடில்லை, எடை ஏறவில்லை, வீட்டில் யாருக்காவது காசநோய் இருக்கிறது என்றால் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அவர் பார்க்க வேண்டிய பரிசோதனைகள் வேறு.